கூட்டுச் சொத்துரிமை: மிதாட்சரமும் தாயபாகமும்

ஒரு சொத்தைப் பலர் கூட்டாக உடைமை கொள்ளும் முறை இந்திய அறநூல் மரபில் இருவகையாக வளர்ந்தது. மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தவரான விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம், குலச்சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்றது. பாகப்பிரிவினைக்கு முன்னர் எவருடைய பங்கும் வரையறுக்கப்படுவதில்லை. பிரியாத குடும்பத்தில் ஒருவன் மகனின்றி இறப்பின், அவனது உரிமை எஞ்சிய பங்காளிகளையே சேரும்; கைம்பெண்ணுக்குச் சீவனாம்சம் மட்டுமே உண்டு. வங்கத்தில் வழங்கிய சீமூதவாகனரின் தாயபாகமோ, தந்தை இறந்த பின்னரே மைந்தர்க்கு உரிமை பிறக்கும் என்றும், பிரியாத நிலையிலும் ஒவ்வொருவர் பங்கும் தனித்ததே என்றும் கொண்டது. ஆதலின் மகனற்றவனின் பங்கு, வரம்புடைய உரிமையாகவேனும், அவன் மனைவியை அடைந்தது.

பங்கு வரையறை பெற்றதா என்னும் வினாவே பெண்ணின் வாழ்வைத் தீர்மானித்தது எனலாம். 1937ஆம் ஆண்டுச் சட்டம் மிதாட்சரக் கைம்பெண்ணுக்கும் கணவனின் பங்கில் வரம்புடைய உரிமை வழங்கியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் வரம்புடைய உரிமையை முழுவுரிமையாக்கியது. ஆயினும் மகளைப் பிறப்புரிமைப் பங்காளியாக ஏற்கவில்லை. கேரளம் 1976இல் கூட்டுக் குடும்ப முறையையே நீக்கி, உறுப்பினர் அனைவரையும் தனிப்பங்கு உடையோராக்கியது. 1989இல் தமிழ்நாடு, மணமாகாத மகளைப் பங்காளியாக ஏற்றது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நாடு முழுமைக்கும் மகளுக்குப் பிறப்புரிமை அளித்து, எஞ்சியோர் உரிமையையும் அகற்றியது. தாயபாகம் முன்னரே கண்ட தனிப்பங்குக் கொள்கையை நோக்கியே மிதாட்சரமும் நகர்ந்துள்ளது என்பது இதனாற் பெறப்படும்.