கனகராயன்குளம்: காடும் காபன் கணக்கும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாறு காடு, குளம், வயல் ஆகிய மூன்றினதும் உறவிலே தங்கியுள்ளது. மாங்குளத்துக்குத் தெற்கே, கண்டி வீதியில் அமைந்த கனகராயன்குளம் இதற்குத் தக்க சான்றாகும். இப்பகுதியூடாக வடக்கு நோக்கிப் பாயும் கனகராயன் ஆறே, 1902இல் கட்டத் தொடங்கப்பெற்ற இரணைமடுக் குளத்துக்கு நீர் தருகின்றது. ஆற்றின் இருமருங்கிலுமுள்ள காடு மழைநீரை மண்ணிலே தேக்கி மெல்ல விடுகின்றது. 2018 டிசெம்பர்ப் பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் வெள்ளத்துள் ஆழ்ந்தன. வெப்பமேறிய காற்று கூடுதலான நீராவியைக் கொள்ளுமாதலால், இத்தகைய மழை மேலுங் கடுமையாகும் என்பர் அறிவியலார்.

அக்காட்டுக்கு இன்று மற்றுமொரு பணியும் விதிக்கப்பட்டுள்ளது. 2050இல் காபன் சமநிலை எய்துவதென்றும், 2030அளவில் காட்டுப் பரப்பை 32 சதவீதமாக உயர்த்துவதென்றும் இலங்கை 2021இல் உறுதியளித்தது. காபனீரொட்சைட்டை மரங்கள் உள்ளீர்த்துச் சேமிக்கும் என்பதே இதன் அடிப்படை.

ஆயின், வன்னிக் காடுகள் யாவும் ஒரே வரலாறுடையன அல்ல. 2009இல் முடிவுற்ற போரின்போது மக்கள் இடம்பெயர, அவர்தம் வயல்கள் பலவற்றிலும் காடு மண்டியது. மீண்டு வந்த கமக்காரர் பலர், தம் நிலம் வனத்திணைக்கள எல்லைக் கற்களுக்குள் அடங்கியிருக்கக் கண்டனர். காபன் கணக்கில் அது மரம். கமக்காரருக்கோ தந்தையர் உழுத வயல். இதேவேளை, 900 மெகாவாற்று வலுவுடைய நுரைச்சோலை அனல்மின் நிலையம் நிலக்கரியையே எரிக்கின்றது.

எனவே, ஆற்றோரக் காடு காக்கப்படுதல் வேண்டும். பழைய வயல் உரியவரிடம் மீளுதலும் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாத காபன் சமநிலை, புகையை விளைத்தோரின் கடனைப் புலம்பெயர்ந்து மீண்டோர் தலையிற் சுமத்துவதாகவே முடியும்.