பிரதமரின் தனிச் செயலாளர்

தோட்ட ஆபீசில் துரையின் கடிதங்களைப் பெரிய கிராணிதான் எழுதுவார், கையெழுத்து துரையுடையது. இது நாம் அறிந்ததே. துரை நோயில் படுத்துவிட்டால் கிராணியே உத்தரவு போடலாமா? லண்டனிலேயே ஒருமுறை இக்கேள்வி எழுந்தது.

1953 ஜூன் 23 இரவு, இத்தாலியப் பிரதமருக்கு அளித்த விருந்தின் முடிவில் 78 வயதுச் சர்ச்சிலைப் பக்கவாதம் தாக்கியது. வெளியுறவு அமைச்சர் ஈடனோ அறுவைச் சிகிச்சைக்காக அமெரிக்காவில் இருந்தார். மருத்துவர்கள் எழுதிய அறிக்கையிலிருந்து மூளையைப் பற்றிய சொற்களை அமைச்சர்கள் நீக்கினர். பிரதமருக்கு ஓய்வு தேவை என்று மட்டுமே மக்கள் அறிந்தனர். பெரிய பத்திரிகை முதலாளிகளும் வாய் திறக்கவில்லை. இதை நாம் சரியென்று சொல்லமாட்டோம்.

கோப்புகள் மட்டும் நிற்காமல் வந்தன. அவற்றைப் பிரித்து, பிரதமர் பார்க்க வேண்டியதை எடுத்து வைப்பது தனிச் செயலாளர் ஜான் கோல்வில்லின் வேலை. இப்போது பதிலும் அவரே சொல்ல வேண்டியதாயிற்று. துணைக்கு இருந்தவர் சர்ச்சிலின் மருமகன் சோம்ஸ். அவராவது நாடாளுமன்ற உறுப்பினர். கோல்வில்லுக்கோ யாரும் ஓட்டுப் போடவில்லை. பிரதமரின் மனம் அவருக்கு நன்கு தெரியும். ஆயினும் தம் கருத்தே பிரதமரின் கட்டளையாகிவிடக் கூடாதென்று எச்சரிக்கையாக இருந்ததாகப் பின்னாளில் எழுதினார்.

அப்போது நம் மலாயாவில் அவசரகாலம். நம் தோட்டங்களையும் ஆண்டது அந்த அரசாங்கமே.

ஆகஸ்ட் 18-இல் சர்ச்சில் மீண்டும் அமைச்சரவைக்குத் தலைமை தாங்கினார். கோப்புகளும் அவரிடமே போயின.