பெயரை வெட்டுவது யார்? கணினிக்குள் இருக்கும் ஓர் இடாப்பின் வரலாறு

 

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் ‘செயன்முறை’ என்ற பகுதியை வரைவிலக்கணமாகப் பாடமாக்கிவிட்டுப் போகிறார்கள். அதன் பின்னால் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. பெற்றோருக்கும் விளங்கட்டும் என்று இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றைச் செயன்முறை என்கிறோம். அது தன் வேலைக்கு உதவியாக இன்னொரு செயன்முறையை உண்டாக்கலாம். உண்டாக்கியது தாய், உண்டானது சேய். சேய் வேலையை முடித்தவுடன் அதன் பெயர் இடாப்பில் இருந்து போய்விடாது. அது எப்படி முடிந்தது என்ற தகவலைத் தாய் கேட்டு வாங்கிய பிறகுதான் பெயர் வெட்டப்படும். தாய் கேட்காமலே விட்டால்? ஊரில் ஒருவர் காலமாகி, வீட்டார் அறிவிக்காமல் விட்டால், வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் அப்படியே கிடக்குமல்லவா, அதே நிலைதான். இப்படிக் கிடப்பதை ‘ஸொம்பி’ என்பார்கள். அதை நிறுத்தக் கட்டளை கொடுத்தும் பயனில்லை. ஏற்கெனவே முடிந்துபோனதை எப்படி நிறுத்துவது?

ஒன்றிரண்டு கிடந்தால் பாதிப்பில்லை. ஆனால் இடாப்பில் இடம் அளவானது. லினக்ஸில் செயன்முறை இலக்கங்களுக்கு மரபாக இருந்த எல்லை 32,768. ஸொம்பிகள் நிறைந்தால் கணினி புதிய வேலை எதையும் தொடங்காது.

இனி வரலாறு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்ப்சன், டெனிஸ் ரிச்சி முதலானோர் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யுனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். சேயை உண்டாக்கும் ‘ஃபோர்க்’ என்ற எண்ணம் அவர்களுக்கு முன்பே இருந்தது. 1963இல் மெல்வின் கொன்வே அதைப் பற்றி எழுதியிருந்தார். பேர்க்லியில் ஜீனி திட்டத்திலும் அது இருந்தது. பிடிபி-7இல் அதைச் சேர்க்க 27 வரிகளே போதுமாக இருந்தன என்று ரிச்சி பதிவுசெய்திருக்கிறார்.

உண்டாக்குவது அவ்வளவு சுலபம். முடிந்ததா என்று அறிவதற்கு அவர்கள் செய்ததுதான் வேடிக்கை. தாய் சேய்க்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். சேய் முடிந்ததும் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று கடிதம் திரும்பி வரும். அதை வைத்து ‘சரி, முடிந்துவிட்டது’ என்று தாய் முடிவெடுக்கும். ஆனால் சேய் அந்தக் கடிதத்தைத் தற்செயலாகப் படித்துவிட்டால், உயிரோடு இருக்கும் சேய் முடிந்துவிட்டதாகத் தாய் நினைத்துவிடும்! ஆகவே இந்த முறையைக் கைவிட்டு, காத்திருப்பதற்கென்றே ‘வெயிட்’ என்ற கட்டளையைக் கொண்டுவந்தார்கள். 1971இல் வந்த முதலாவது கைநூலிலேயே அது இருக்கிறது.

சேய்க்கு முன் தாய் முடிந்துபோனால்? இலக்கம் 1 கொண்ட ‘இனிற்’ என்ற செயன்முறை, பேரப்பிள்ளையை அம்மம்மா பொறுப்பெடுப்பது போல, அந்தச் சேயைப் பொறுப்பெடுத்துப் பெயரையும் வெட்டும்.

‘வெயிட்’டிலும் ஒரு குறை. படகு வரும்வரை இறங்குதுறையிலேயே நிற்பவர் வேறு வேலை பார்க்க முடியாது. தாயும் அப்படித்தான். 1980களில் பரவிய தீர்வு சமிக்ஞை. சேய் முடிந்ததும் தாய்க்கு ஒரு மணி அடிக்கும். ஆனால் மூன்று சேய்கள் ஒரே நேரத்தில் முடிந்தாலும் ஒரு மணிதான் கேட்கக்கூடும். ஒரு மணிக்கு ஒரு பெயரை மட்டும் வெட்டினால் மற்ற இரண்டும் தங்கிவிடும்.

1995இல் ‘இழை’களுக்கான பொசிக்ஸ் நியமம் வந்தது. இழை என்றால் ஒரே செயன்முறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் வேலை. பிரதான இழை தன் பணியைப் பார்க்கும். பின்னணி இழை ஒன்று காத்திருந்து பெயரை வெட்டும். 2019இல் வந்த பைதன் 3.8, அதன் அசின்க்ஐஓ பகுதியில் சேய் ஒவ்வொன்றுக்கும் ஓர் இழையைக் காவல் வைப்பதை இயல்பு முறையாக்கியது. ஒவ்வோர் இழையும் தன் சேயின் இலக்கத்தை மட்டுமே கேட்கும். ‘யார் முடிந்தாலும் சரி’ என்று கேட்டால், இன்னொருவர் காத்திருக்கும் பதிலை அது பறித்துவிடும்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சகானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு அது உதவியது. அது அப்பாச்சி வழங்கியில் ஓடியது. அப்பாச்சியில் ஒரு தாய்ச் செயன்முறை பல சேய்களை உண்டாக்கி, கண்காணித்து, முடிந்தவற்றின் பெயரை வெட்டிக்கொண்டே இருக்கும். அந்த வேலை தவறினால், உறவைத் தேடி வருபவருக்கு முன்னால் வழங்கி பதில் சொல்லாமல் நிற்கும்.

பிள்ளைகளே, லினக்ஸ் கணினி கிடைத்தால் ‘பிஎஸ்’ கட்டளையை ஓடவிட்டு, நிலை என்ற நிரலில் ‘இசட்’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் ஸொம்பி. சேயை உண்டாக்கும் வரியை எழுதும்போதே, அதற்காகக் காத்திருக்கப்போவது யார் என்பதையும் எழுதிவிடுங்கள். பெற்றோர் இதை உயர்தர மாணவர்களுக்குப் பகிர்ந்துவிடுங்கள்.