சவரக் களிம்பும் சவர நுரையும்

சவரக் களிம்பு என்பது தூரிகையால் நீருடன் குழைத்து நுரையாக்கப்படும் சோப்புக் கலவை ஆகும். சவர நுரையோ அழுத்தக் கலனில் நீர் சேர்த்தே அடைக்கப்படுகிறது. வெளியேறும்போது ஐசோபியூட்டேன் போன்ற உந்துவாயு விரிந்து அதனை நுரைக்கச் செய்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் போன்ற உப்பளக் கரைகளில் இவ்வேறுபாடு முக்கியமானது. உவர்நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் சோப்புடன் வினைபுரிந்து கரையாத வீழ்படிவாகின்றன. தூரிகையை எவ்வளவு சுழற்றினாலும் நுரை நிற்பதில்லை. குளோரைடு, சல்பேட்டு உப்புகளால் வரும் இந்நிரந்தரக் கடினத்தன்மை கொதிக்கவைத்தாலும் நீங்காது. சேமித்த மழைநீர் உதவும். கலன் நுரைக்குக் குழைக்கும் நீர் தேவையில்லை. கழுவும்போது மட்டும் அதுவும் சற்றுப் படியும்.

ஆயினும் முடியை மென்மையாக்குவது நுரையன்று, முடி உறிஞ்சும் நீரே. அதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். தூரிகை அந்நேரத்தைத் தானாகவே தருகிறது. கலனைப் பயன்படுத்துவோர் காத்திருக்க வேண்டும்.