கார் வாங்கப் போனா பெரியவங்க ஏன் அதே கேள்வியையே கேக்கறாங்க?

"புதுசா ஒரு கார் வாங்கலாம்னு இருக்கேன்"னு வீட்ல ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. நாம டச் ஸ்க்ரீன் எத்தனை இன்ச், சன்ரூஃப் இருக்கா, எத்தனை ஏர்பேக்னு எக்செல் ஷீட் போட்டுட்டு இருப்போம். பெரியவங்க அதை எட்டிக்கூட பார்க்க மாட்டாங்க. "ஸ்பேர் சுலபமா கிடைக்குமா? நம்ம ஊர் மெக்கானிக் கை வைப்பானா? அஞ்சு வருஷம் கழிச்சு வித்தா என்ன போகும்?" இந்த மூணு கேள்விதான்.

வாங்கறதுக்கு முன்னாடியே விக்கிறதைப் பத்தி பேசறாங்களேன்னு எரிச்சலா வரும். ஆனா இந்தியாவுல கார் வித்த கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தா, இந்தக் கேள்வி ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கு. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ காபி ஏதாவது எடுத்துட்டு வந்துடுங்க :-)

சுதந்திரத்துக்கு முன்னாடி இங்கே கார் வாங்க வசதி இருந்தவங்க ரொம்பக் கம்மி. ஆனா இருந்தவங்களுக்கு சாய்ஸுக்குப் பஞ்சமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லயே பம்பாயில் பாகங்களைக் கொண்டு வந்து பூட்டி வித்துக்கிட்டு இருந்தது. ஃபோர்டும் இங்கே அதே வேலையைச் செய்தது. உள்ளூர் ஆளுங்க 1940-களில்தான் களத்தில் இறங்கினாங்க. பிர்லாவோட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல், வால்சந்த் ஹீராசந்தோட பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944-ல். நம்ம பங்குக்கு சென்னையில் 1948-ல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ்.

அப்புறம்தான் கதை மாறுது. 1949-ல் முழுசா தயாரான காரை இறக்குமதி செய்யறதுக்குத் தடை. 1953-ல் தாரிஃப் கமிஷன் சிபாரிசுப்படி அரசாங்கம் இன்னொரு படி மேலே போனது. பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டம் இருந்தா இரு, சும்மா பூட்டி விக்கறதுன்னா மூணு வருஷத்துல மூட்டை கட்டு. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டிட்டாங்க. மிச்சம் இருந்தது கிட்டத்தட்ட மூணே மூணு கார் கம்பெனி.

இதை இன்னிக்கு உக்காந்துக்கிட்டு முட்டாள்தனம்னு சொல்லிடறது சுலபம். அன்னிக்கு கையில் அந்நியச் செலாவணி கிடையாது. இருக்கற டாலரை வெச்சு மெஷின் வாங்கறதா, சாப்பாட்டுக்குத் தானியம் வாங்கறதா, இல்ல பணக்காரங்க ஓட்டறதுக்கு கார் பாகம் வாங்கறதா? லாரிக்கும் பஸ்ஸுக்கும் முன்னுரிமை, கார் ஆடம்பரம்னு முடிவு பண்ணினாங்க. அந்த முடிவில் ஒரு நியாயம் இருந்தது. ஆனா அதை முப்பது வருஷம் தொட்டுக்கூடப் பார்க்காம வெச்சிருந்ததுக்கு என்ன நியாயம்னுதான் எனக்குப் புரியலை.

விளைவு என்ன? ஒரு கம்பெனி எத்தனை கார் செய்யலாம்கிறதுக்கு லைசென்ஸ். 1959-ல் காரை யாருக்கு எப்படி விக்கணும்கிறதுக்கும் ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு. 1969-ல் விலைக்கும் கட்டுப்பாடு, அதை எதிர்த்து கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போனாங்க. இவ்ளோ பெரிய நாட்டுல 1970-களில் வருஷத்துக்கு முப்பது நாப்பதாயிரம் கார்தான் செஞ்சாங்க. பணத்தைக் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். உடனே வேணும்னா முன்னாடியே பதிஞ்சு வெச்சவர்கிட்ட "ஆன்" குடுத்து வாங்கணும்.

அதாவது புதுக்காரை வாங்கி, சாவியைக் கையில் வாங்கின அன்னிக்கே அதோட மார்க்கெட் விலை ஷோரூம் விலையை விட ஜாஸ்தி! இன்னிக்கு ஷோரூம் கேட்டைத் தாண்டினாலே விலை இறங்கற காலத்துல நமக்கு இது நம்பவே முடியாது. கார்ங்கறது செலவு இல்லை, நிலம் நகை மாதிரி ஒரு சொத்து. "வித்தா என்ன போகும்?"ங்கற கேள்வி அங்கே பிறந்ததுதான்.

அப்போ எந்தக் காரை வாங்கறதுன்னு எப்படி முடிவு பண்ணினாங்க? பெரிசா முடிவு பண்ண என்ன இருந்தது! அம்பாசடர், இல்லன்னா ஃபியட். அம்பாசடர்ங்கறது இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூணாவது சீரிஸ். 1950-களின் கடைசியில் கொல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவில் ஆரம்பிச்சு, 2014 மே மாசம் வரைக்கும் தயாரிச்சாங்க. மார்க் 2, மார்க் 3, மார்க் 4-னு பேர் மாறும், முன்னாடி கிரில் மாறும். ஆளு அதே ஆளுதான். ஃபியட் 1100 டிலைட் 1970-களில் பேரை மாத்திக்கிட்டு முதலில் பிரீமியர் பிரெசிடெண்ட், அப்புறம் பிரீமியர் பத்மினி ஆனது. பெரிய குடும்பம், கிராமத்து ரோடு, அரசாங்க உத்தியோகம்னா அம்பாசடர். சொந்தமா ஓட்டற டாக்டர், வக்கீல்னா ஃபியட். பட்டியல் அவ்ளோதான்.

ஆனா ஒரு காரையே ஐம்பது வருஷம் செஞ்சதுல ஒரு நன்மையும் இருந்தது. எந்தப் பட்டிக்காட்டுக்குப் போனாலும் அம்பாசடரைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் இருப்பார். ஸ்பேர் எங்கேயும் கிடைக்கும். ஆக இரண்டாவது கேள்வியும் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சு போச்சு.

இந்த இடத்துல நம்ம சென்னைக் கார் ஒண்ணைப் பத்தி சொல்லியே ஆகணும். 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000-னு ஒரு கார் வந்தது. வெளியே பார்த்தா ரோவர் எஸ்டி1, இங்கிலாந்துல போலீஸ்காரங்ககூட ஓட்டின ஜம்முனு இருக்கற கார். உள்ளே பானெட்டைத் திறந்தா பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் வம்சத்து 2 லிட்டர் இன்ஜின். சல்மான் கான் உடம்புல எங்க தாத்தாவோட முழங்கால் :-) விலை ஜாஸ்தி, பெட்ரோலைக் குடிக்கும், வேகமும் கிடையாது. 1988-ல் தயாரிப்பே நின்னு போச்சு. வெளியே பளபளப்பைப் பார்த்து அதை வாங்கினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. கம்பெனியே இல்லாத கார் வீட்டு வாசல்ல.

ஸ்டாண்டர்ட் 2000 அப்படி முழுகினதுக்கு ஒரு காரணம், அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஆட்டத்தோட விதிகள் மாறிப் போயிருந்தது. மாருதி வந்தாச்சு.

சஞ்சய் காந்தியோட மாருதி 1971-ல் ஆரம்பிச்சு ஒழுங்கா ஒரு கார்கூட விக்காம மூடினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1980-ல் அரசாங்கம் அதைக் கையில் எடுத்து, 1981-ல் மாருதி உத்யோக்னு புதுசா கம்பெனி ஆரம்பிச்சது. அதை நடத்த வந்தவர் நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு, திருச்சி பெல்லில் இருந்து வளர்ந்து வந்த வி. கிருஷ்ணமூர்த்தி. ஃபோக்ஸ்வேகன், ரெனால்ட்னு பெரிய பெரிய கம்பெனிகளோட பேச்சு நடந்து, கடைசியில் 1982 அக்டோபரில் கைகோத்தது அப்போ சின்னக் கம்பெனியா இருந்த சுசுகியோட.

1983 ஏப்ரல் 9-ந் தேதி முன்பதிவு ஆரம்பம். ரெண்டு மாசத்துல 1.35 லட்சம் பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டினாங்க. கணக்குப் போட்டா 135 கோடி. ஒரு காரைக்கூட விக்கறதுக்கு முன்னாடி! யாரு கையில பணம் இருக்குங்கறது இதுவரைக்கும் அரசாங்கத்துக்கே தெரியலைன்னு அர்த்தம். யாருக்கு முதலில்ங்கறதைக் குலுக்கல்ல முடிவு பண்ணினாங்க. டிசம்பர் 14-ந் தேதி முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். தில்லியில் விலை 47,500 ரூபாய்.

796 சிசி, மூணு சிலிண்டர், முன்சக்கரம் இழுக்கற வண்டி. அம்பாசடர் பக்கத்துல நிறுத்தினா சோப்பு டப்பா மாதிரி இருக்கும். "தகரம் தட்டினா ஒடுங்கிடும்"னு கிண்டல் பண்ணினவங்க உண்டு. ஆனா காலையில சாவியைத் திருகினா ஸ்டார்ட் ஆனது. பெட்ரோலை அளந்து குடிச்சது. வாரக் கடைசியை மெக்கானிக் கடையில கழிக்கத் தேவையில்லை. "எவ்ளோ குடுக்குது?"ங்கற கேள்வி நம்ம தேசிய கேள்வியா ஆனது இதுக்கப்புறம்தான்னு நினைக்கிறேன். 800-ஐக் கடைசியா தயாரிச்சது 2014 ஜனவரி. அம்பாசடரும் அதே வருஷம். ரெண்டு யுகமும் நாலு மாச இடைவெளியில முடிஞ்சுது.

1993-ல் கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆனதும் வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசை கட்டி வந்தாங்க. தேவூ சியலோ, பியஜோ 309, ஓப்பல் ஆஸ்ட்ரா, ஃபோர்டு எஸ்கார்ட். பேங்க் லோன் சுலபமானதும் இதே காலத்துலதான். விலை எவ்ளோங்கற கேள்வி போய் மாசம் எவ்ளோங்கற கேள்வி வந்தது.

1998 மட்டும் தனியா ஒரு பதிவுக்குத் தாங்கும். செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ, அதே சீசன்ல தேவூ மாட்டிஸ், டிசம்பர் கடைசியில் டாடா இண்டிகா. இண்டிகாவுக்கு ரத்தன் டாடா வெச்ச இலக்கே ஒரு சரித்திரச் சுருக்கம்: அம்பாசடர் மாதிரி உள்ளே இடம், மாருதி ஜென் அளவு, 800-ஐ ஒட்டின விலை, டீசல் செலவு. மாருதி தன் விலையைக் குறைச்சது. கார் வாங்கப் போறவங்க முன்னாடி கம்பெனிகள் நிக்கறது அதுதான் முதல் தடவை.

இதுலயும் அடி வாங்கினவங்க உண்டு. கொரியாவில் தேவூ திவாலாகி, இங்கேயும் கடையை மூடினாங்க. மாட்டிஸ் வாங்கினவங்க ஸ்பேருக்கு அலைஞ்சாங்க. 2017 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சு, 2022-ல் மறைமலை நகர் ஃபேக்டரி நின்னது. சர்வீஸ் தொடரும்னு சொன்னாங்க, தொடர்ந்தும் செஞ்சாங்க. ஆனா செகண்ட்ஹேண்ட் மார்க்கெட் அதையெல்லாம் காதுல வாங்காது. "கம்பெனி நிக்குமா?"ங்கறது பழைய கால பயம் இல்லை மக்களே, நம்ம காலத்துலயே நடந்தது.

இன்னும் ஒரு விஷயம். லைசென்ஸ் போயிடுச்சு, இப்போ நாமளேதான் தேர்ந்தெடுக்கறோம்னு நினைக்கிறோம் இல்லையா? 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள்ளே இருக்கற சின்ன கார்களுக்கு கலால் வரியைக் குறைச்சாங்க. 4.16 மீட்டர் நீளத்துக்கு 2008-ல் வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012-ல் டிக்கி வெட்டப்பட்டு 3.995 மீட்டரா திரும்பி வந்தது. அந்தக் குட்டை வாலை டிசைனர் வரையலை, வரி வரைஞ்சது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறினப்போகூட சின்ன கார்னா 18 சதம், மத்ததுக்கு 40 சதம்னு பிரிச்ச கோடு அதே 4 மீட்டர்தான். நம்ம ஷார்ட்லிஸ்ட்ல பாதியை டெல்லியில யாரோ டைப் அடிச்சுட்டாங்க.

இவ்ளோ தூரம் வந்ததுல ஒரு கேள்வி மட்டும் ரொம்ப வருஷம் யாரும் கேக்கவே இல்லை. இடிச்சா என்ன ஆகும்? "கெட்டி பாடி"ன்னு கதவைத் தட்டிப் பார்க்கறதோட சரி. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் நம்ம ஊர்ல நல்லா வித்த கார்கள் சிலதை சுவத்துல மோதிப் பார்த்தாங்க. ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோன்னு அஞ்சு காரோட ஏர்பேக் இல்லாத மாடலுக்கும் பெரியவங்க பாதுகாப்பில் கிடைச்சது சைபர் ஸ்டார். அதே கம்பெனிகள் வெளிநாட்டுல ஏர்பேக் போட்டு வித்தாங்க. நாம கேக்கலை, அவங்க குடுக்கலை. 2018 டிசம்பரில் நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கினதும் விளம்பரத்துலயே ஸ்டார் வர ஆரம்பிச்சது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் வந்தது. கேட்டாத்தான் கிடைக்கும்ங்கறதுக்கு இதை விட உதாரணம் வேணுமா?

அதனால என் ஷீட்ல இப்போ பெரியவங்களோட மூணு கேள்வியையும் மூணு காலமா சேர்த்திருக்கேன். முதல் காலம் மட்டும் கிராஷ் டெஸ்ட். அதுல தேறாத கார் மைலேஜ் எவ்ளோ குடுத்தாலும் அடுத்த வரிசைக்கே போகாது. எலக்ட்ரிக் காருக்கு "வித்தா என்ன போகும்?" கட்டம் மட்டும் இன்னும் காலியா இருக்கு. பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், அடுத்து வாங்கறவருக்கு அது மாறுமான்னு டீலர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கணும்.

கொசுறு: பம்பாய் ரோட்டுல கறுப்பு மஞ்சள் டாக்ஸியா ஓடின கடைசி பத்மினி ஓய்வு பெற்றது 2023 அக்டோபரில். உங்க வீட்டு முதல் கார் எது, புக் பண்ணி எத்தனை நாள் காத்திருந்தாங்கன்னு அப்பா, தாத்தாகிட்ட கேட்டு எழுதுங்க. தனிப் பதிவா போட்டா இன்னும் சந்தோஷம்.