வலிக்குப் பெயர் கிடைத்த பின்னும்

எண்டோமெட்ரியோசிஸ் புதிய நோயன்று. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பை முதலிய இடங்களில் வளர்வதே இந்நோய். 1860-இல் வியன்னாவில் கார்ல் ரோக்கிடான்ஸ்கி இத்தகைய திசுவைப் பற்றி எழுதினார். 1920-களில் அமெரிக்காவின் ஆல்பனி நகர மருத்துவர் ஜான் சாம்ப்சன் இன்றைய பெயரைச் சூட்டினார். மாதவிலக்கு இரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கிப் பாய்வதே காரணம் என்பது 1927-இல் அவர் தந்த விளக்கம்.

பெயர் கிடைத்தது. நோயாளிக்கு விடிவு கிடைத்ததா? 1940-களில் போஸ்டன் மருத்துவர் ஜோ மெய்க்ஸ், இளவயதுத் திருமணமும் பிள்ளைப்பேறும் இதைத் தடுக்கும் என வாதிட்டார். வேலைக்குப் போகும் பெண்களின் நோய் என்ற முத்திரையும் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டது. 'கல்யாணமானால் சரியாகிவிடும்' என்று நம் பாட்டிமார் சொன்னதை அறியாமை என்கிறோம். மருத்துவரே சொன்னால் என்னென்பது? பள்ளி மாணவியின் வலியை யார் பொருட்படுத்துவார்?

இன்னொரு தடையும் இருந்தது. வயிற்றில் துளையிட்டு, லேப்ரோஸ்கோப்பி மூலம் கண்ணால் பார்த்தால்தான் நோய் உறுதியாகும் என்றிருந்தது. மாதவிலக்கு வலிக்காக மகளை அறுவைக்கூடத்திற்கு அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? பிரிட்டனில் நோயைக் கண்டறியச் சராசரியாக 8 ஆண்டுகள் ஆவதாக, 2020-இல் அந்நாட்டு அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழு தெரிவித்தது.

2022-இல் வெளியான ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி அந்தப் பிடியைத் தளர்த்தியது. அறிகுறிகளை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் மட்டும் நோயில்லை என்று கைகழுவக் கூடாது.