பழைய ஸ்பேனரின் பூர்வீகம்

கிணற்றடி மோட்டார் ரூமில் உங்கள் ஸ்பேனர்களை எதில் போட்டு வைத்திருக்கிறீர்கள்? பெயிண்டு டப்பாவிலா, பழைய சீமெண்ணெய் டின்னிலா? அதை ஒரு சாக்கின் மேல் கொட்டிப் பாருங்கள். சிலதில் 10, 13, 17, 19 என்று முழு எண் அடித்திருக்கும். சிலதில் 7/16, 1/2, 9/16 என்று பின்னமாக இருக்கும். கறுத்துப்போன, கனமான பழைய ஸ்பேனர் ஒன்றிரண்டு கிடந்தால், அதிலும் பின்னம்தான், ஆனால் பக்கத்தில் 'டபிள்யூ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். மூன்றும் மூன்று தேசத்து வம்சம். ஒன்றுக்கொன்று கொள்வினை கொடுப்பினை கிடையாது.

இது தெரியாமல் சந்தையிலே மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு கட்டு ஸ்பேனர் வாங்கி வந்துவிடுகிறோம். பயிர் வாடுகிற நாளாகப் பார்த்து பம்பு மக்கர் பண்ணும். ஸ்பேனர் நட்டில் ஏறும், ஆனால் லொடலொடவென்று ஆடும். இருக்கட்டும் என்று ஒரு அழுத்து அழுத்தினால் நட்டின் ஆறு மூலையும் மழுங்கிவிடும். அப்புறம் உளியும் சம்மட்டியும்தான். ஒரு நட்டுக்காக ஒரு நாள் தண்ணீர் போச்சு. ஆகவே பழைய சாமான் வாங்கப் போகிறவருக்கு இந்தச் சரித்திரம் வெறும் பொழுதுபோக்கு அல்ல.

நம் பாட்டன்மார் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஏற்றத்திலும் கமலையிலும் நட்டு ஏது, போல்ட்டு ஏது? கலப்பையை இறுக்க ஆப்பு, வண்டிச் சக்கரம் கழலாமல் இருக்கக் கடையாணி. கொழு தேய்ந்தால் ஊர்க் கொல்லர் அதே கலப்பையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதற்கென்றே அடித்துக் கொடுப்பார். கூலி களத்தில் நெல்லாகப் போகும். அளவுக்கு எண் தேவைப்படவில்லை, கண்ணே அளவு.

இயந்திரத்துக்குப் பேர்போன இங்கிலாந்திலும் 1841 வரைக்கும் ஏறக்குறைய இதே கதைதான் என்றால் நம்புவீர்களா? ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் போல்ட்டு அடுத்த பட்டறையின் நட்டில் ஏறாது. என்ஜின் எங்கே செய்ததோ அங்கேதான் ரிப்பேருக்கும் போக வேண்டும். மான்செஸ்டர் நகரத்தில் பட்டறை வைத்திருந்த ஜோசப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளிலிருந்தும் போல்ட்டுகளைச் சேகரித்து அளந்து பார்த்தார். எல்லாவற்றுக்கும் நடுவாக ஒரு கணக்கு எடுத்து, மரையின் கோணம் 55 டிகிரி, இத்தனை கனமுள்ள போல்ட்டுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று 1841-ல் ஒரு திட்டம் வைத்தார். ரயில்வேக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கிரிமியா யுத்தத்தில் பீரங்கிப் படகுகளுக்கு அவசரமாக என்ஜின் தேவைப்பட்டபோது, பல பட்டறைகளில் பாகங்களைப் பிரித்துச் செய்து ஓரிடத்தில் பூட்ட முடிந்ததென்றால் இந்தத் திட்டத்தின் புண்ணியம்தான். அந்த விட்வொர்த் பெயரின் முதல் எழுத்துதான் உங்கள் கறுப்பு ஸ்பேனரில் இருக்கிற 'டபிள்யூ'.

அமெரிக்காக்காரர் சும்மா இருப்பாரா? விட்வொர்த் மரையின் முகடு உருண்டையாக இருக்கும். அதை வெட்ட நல்ல கைத்தேர்ச்சி வேண்டும், செலவும் கூட. பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் செல்லர்ஸ் 1864-ல், கோணம் 60 டிகிரி, முகடு தட்டையாக இருக்கட்டும், சாதாரணத் தொழிலாளியும் வெட்டலாம் என்றார். அளவு அங்குலம்தான், ஆனால் மரை வேறு. ஐரோப்பாவில் மீட்டர் கணக்குக்கு மாறிய தேசங்கள் 1898-ல் சூரிச் நகரில் கூடி மில்லிமீட்டரில் ஒரு மரைத் திட்டம் வகுத்தன. ஆக மூன்று வம்சம் உருவாகிவிட்டது.

இரண்டாவது உலக யுத்தத்தில் இதன் கஷ்டம் நன்றாகத் தெரிந்தது. இங்கிலீஷ் சேனையிடம் அமெரிக்க வண்டி, ஆனால் மெக்கானிக் கையில் இங்கிலீஷ் ஸ்பேனர்! ஒரே பக்கம் சண்டை போடுகிறவர்களுக்குள்ளேயே ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறவில்லை. யுத்தம் முடிந்து 1948-ல் அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா மூன்றும் 60 டிகிரியில் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. 1965-ல் இங்கிலாந்து அதையும் தாண்டி மெட்ரிக்குக்கே மாறத் தொடங்கியது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். கிணற்றடிக்கு முதலில் வந்தது ஆயில் என்ஜின். 1929-ல் இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரிலிருந்து வெளிவந்த லிஸ்டர் டீசல் என்ஜினும், அதன் அச்சாக ராஜ்கோட்டில் பிற்பாடு செய்த என்ஜின்களும் விட்வொர்த் வம்சத்தவை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, கோயம்புத்தூரில் மோட்டாரும் பம்பும் செய்ய ஆரம்பித்த காலத்திலும் நம் நாட்டில் வழக்கில் இருந்தது பிரிட்டிஷ் அளவே. பிறகு டிராக்டர். 1960-ல் சென்னையில் டாஃபே கம்பெனி மாஸே பெர்குசன் கூட்டோடு தொடங்கியது. 1963-ல் பம்பாயில் மகேந்திரா கம்பெனியார் அமெரிக்க இன்டர்நேஷனல் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார்கள். இந்தப் பழைய மாடல்களில் பெரும்பாலும் அமெரிக்க வழி அங்குல நட்டு. செக்கோஸ்லோவாகியா கூட்டில் எச்.எம்.டி. 1971-ல் கொண்டுவந்த ஜீட்டர் டிராக்டரோ மில்லிமீட்டர். ஜப்பான் வழியில் வந்த பவர் டில்லரும் மில்லிமீட்டர். ஒரே தெருவில் இரண்டு டிராக்டர் இருந்தால் இரண்டு பெட்டி ஸ்பேனர் வேண்டியதாயிற்று.

பெர்குசன் டிராக்டரைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் செய்த அந்தச் சின்ன டிராக்டரோடு ஒரே ஒரு ஸ்பேனர் கொடுத்தார்கள். கலப்பையைப் பூட்டவும் சரிசெய்யவும் வேண்டிய நட்டுகள் அந்த ஸ்பேனரின் இரண்டு வாய்க்கும் ஏற்றபடி இருந்தன. ஸ்பேனரின் உடம்பிலேயே அங்குலக் கோடு போட்டிருந்தது. சால் அகலமும் அதாலேயே அளக்கலாம். விவசாயியை மனசில் வைத்துச் செய்தவன் செய்த வேலை அது. இன்றைக்கு வருகிற சில கருவிகளில் நாலு போல்ட்டுக்கு நாலு அளவு வைத்திருக்கிறார்கள், என்ன சொல்ல!

நம் அரசாங்கம் எடை அளவுச் சட்டத்தை 1956-ல் கொண்டுவந்தது. ராத்தல் போய்க் கிலோ வந்தது, கெஜம் போய் மீட்டர் வந்தது. ஆனால் பட்டறைக்காரர் நாக்கில் மட்டும் அங்குலம் உட்கார்ந்துவிட்டது. எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது ஆசாரிமார் கணக்கு. 3/8 அங்குல போல்ட்டு 'மூணு நூல்', அரை அங்குலம் 'நாலு நூல்'. இன்றைக்கும் கடையில் 12 எம்.எம். கம்பியை 'நாலு நூல் கம்பி' என்றுதான் கேட்கிறோம். கட்டடக் கம்பிக்கு அது பரவாயில்லை. போல்ட்டுக்கு ஆபத்து. ஏனென்றால் அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். 12 எம்.எம். போல்ட்டை அரை அங்குல நட்டில் போட்டால் வழுக்கிக்கொண்டு ஏறும், இறுகினாற்போலவும் தெரியும். பாரம் விழும்போது மரையைச் சீவிக்கொண்டு கழன்றுவிடும். டிரெய்லர் கொக்கியில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்குலத்துக்குள்ளேயும் ஒரு வம்பு இருக்கிறது. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை. அதே கனமுள்ள அமெரிக்க போல்ட்டில் 13 மரை. நட்டைக் கையால் திருகினால் இரண்டு சுற்றுப் போய் நிற்கும். நின்றால் அதோடு விட்டுவிட வேண்டும். ஸ்பேனர் போட்டு இழுத்தால் இரண்டும் நாசம்.

சரி, காயலான் கடைக்குப் போகலாம். காயல்பட்டினத்து வியாபாரிகள் இந்தத் தொழிலில் முன்னால் நின்றதால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. கடைக்காரர், "அண்ணே, இது பழைய இங்கிலீஷ் சாமான், இந்தக் காலத்துல இப்படி இரும்பு கிடைக்குமா?" என்பார். பாதி நிஜம்தான். சம்மட்டிப் பிரஸ்ஸில் அடித்து உருவாக்கிய பழைய ஸ்பேனர், மேலே பளபளப்பாக முலாம் பூசிய மலிவுப் புதுச் சாமானைவிட நாலு தலைமுறை உழைக்கும். ஆனால் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். விட்வொர்த் ஸ்பேனரில் இருக்கும் எண் அதன் வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் கனம். 1/4 என்று இருந்தால் வாய் 13.3 மில்லிமீட்டர் இருக்கும். அமெரிக்க வழி ஸ்பேனரிலும் மில்லிமீட்டர் ஸ்பேனரிலும் எண்தான் வாய். ஆகவே 'மூணு நூல் ஸ்பேனர் கொடுங்க' என்று கேட்டால் இரண்டு கடையில் இரண்டு சாமான் கிடைக்கும்.

ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற சம்பந்தமும் சிலது உண்டு. 3/4 அமெரிக்க ஸ்பேனரும் 19 மில்லிமீட்டரும் ஏறக்குறைய ஒன்றே. தாராளமாக மாற்றிப் போடலாம். 7/16-ம் 11-ம் அப்படியே. ஆனால் 1/2 அங்குல நட்டில் 13-ஐப் போடாதீர்கள், வெறும் 0.3 மில்லிமீட்டர் வித்தியாசம்தான், துருப்பிடித்த நட்டின் மூலையைத் தின்ன அது போதும். கடைக்குப் போகும்போது உங்கள் என்ஜினுக்குச் சேருகிற புது நட்டு இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனரை அதில் மாட்டி ஆட்டிப் பார்த்தால் எண் அழிந்திருந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். வாய் விரிந்ததும், அரத்தால் ராவி அகலப்படுத்தியதும் அப்போதே தெரியும்.

எதைப் பழசாக வாங்கலாம், எதைப் புதுசாக வாங்க வேண்டும்? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். பெஞ்சு வைஸ், சம்மட்டி, பைப் ரிஞ்சு, விட்வொர்த் ஸ்பேனர் — பழசே மேல். வைஸில் திருகைப் பாதி திறந்து தாடையை ஆட்டிப் பாருங்கள், ரொம்ப ஆடினால் வேண்டாம். மில்லிமீட்டர் செட்டைப் புதுசாகவே வாங்கிவிடலாம். ஜலந்தர், லூதியானாவிலிருந்து வருகிறது. நாசிக்கில் சுவீடன் தேசத்துத் தொழில்நுட்பத்தோடு 1969 முதல் தபாரியா கம்பெனி செய்கிறது. அரமும் ஹாக்ஸா பிளேடும் பழசு வாங்கினால் காசுக்குக் கேடு. கிணற்றிலிருந்து பம்பைத் தூக்கும் செயின் பிளாக்கையும் வடத்தையும் பழசாக வாங்கவே கூடாது. கீழே ஆள் நிற்கிறார். சாணைக்கல்லும் அப்படித்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களானால், மண்பானையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி மரக்கட்டையால் தட்டுங்கள். கணீரென்று இல்லாமல் மந்தமாகச் சத்தம் வந்தால் விரிசல் விழுந்த கல், சுற்றும்போது வெடிக்கும். பழைய மோட்டார், ஸ்டார்ட்டர் வாங்கினால் ரசீது கேளுங்கள். கிணற்றடியிலிருந்து களவு போனதைத் தெரிந்தே வாங்குவதும் குற்றம்.

வாங்கியதை வைக்க இடம் வேண்டாமா? மோட்டார் ரூம் வந்த புதிதில் நாலு காலன் சீமெண்ணெய் டின்தான் பெட்டி. யுத்தம் முடிந்ததும் சேனை உபரிச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. தோட்டாப் பெட்டிகளும் அப்படி வெளியே வந்தவை. மூடியில் ரப்பர் வைத்த இரும்புப் பெட்டி இன்றைக்கும் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், ஈரமே புகாது. பெட்டி எதுவானாலும் மூன்று வம்சத்துக்கும் மூன்று தனி இடம் வேண்டும். கைப்பிடியில் ஆளுக்கொரு வண்ணமாகப் பெயிண்டு கோடு போட்டுவிட்டால் இருட்டில் டார்ச் அடித்து எடுத்தாலும் தப்பு வராது. ஸ்பேனரைச் சாக்கில் சுற்றி வைக்காதீர்கள், சாக்கு ஈரத்தை இழுக்கும். யூரியா, பொட்டாஷ் மூட்டை இருக்கிற அறையில் இரும்புச் சாமான் வைக்கவே வேண்டாம். பொட்டாஷில் உள்ள குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஒரு மழைக்காலத்திலேயே இரும்பைத் தின்றுவிடும்.

அப்படியானால் விட்வொர்த் ஸ்பேனரை எடைக்குப் போட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வீட்டில் பழைய லிஸ்டர் மாதிரி என்ஜின் இல்லையென்றால் போடலாம். ஆனால் விட்வொர்த் நம்மை விட்டுப் போய்விடவில்லை. பி.வி.சி. குழாயை 63, 75 மில்லிமீட்டர் என்று வாங்குகிற நாம், ஜி.ஐ. பைப்பை மட்டும் ஒன்றரை இஞ்சு, ரெண்டு இஞ்சு என்றே கேட்கிறோம். பம்பின் வாயில் அந்தப் பைப்பைத் திருகுகிறோமே, அந்த மரையின் கோணம் இன்றைக்கும் 55 டிகிரிதான். 1841-ல் மான்செஸ்டரில் வகுத்த அதே கோணம்.